மதிய வண்டியில் தூங்கும் குழந்தை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்குக் கொஞ்சம் நிதானம் வரும். புள்ளியியல் துறையில் இருந்த காலத்துப் பழக்கம், ஓய்வு பெற்றும் போகவில்லை. இங்கே எழுத வேண்டியவை:

1. நேற்று ரயிலிலிருந்து நான் செய்த போன். ஏன் செய்தேன்.
2. அறிவிப்பில் சொன்ன அடையாளம் பொருந்தியது. அந்தக் குழந்தை எப்போதும் தூங்கியது.
3. வேதாவிடம் ஏன் சொல்லவில்லை.
4. போன் செய்தது நான்தான் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்.
5. இந்த விஷயத்தில் பயப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான். குழந்தை பத்திரமான இடத்துக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணை எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு இனி பயம் எதற்கு?

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியத்தில் என் மனைவி வேதநாயகி முன்னறையில் தையல் வகுப்பு நடத்துகிறாள். தெருப் பெண்கள் வருவார்கள். நான் அங்கே இருந்தால் அவர்களால் சிரிக்க முடியாதாம். அதனால் சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரை ஸ்டேஷனில் மதிய வண்டியைப் பிடித்து, மணிக்கூண்டு வரை போய், நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். என்றும் அதே வண்டி, அதே பெட்டி, இடம் இருந்தால் அதே ஜன்னல்.

அடுத்த ஸ்டேஷனில் அவள் ஏறுவாள். தோளில் ஒரு பெண் குழந்தை. உச்சந்தலையில் பச்சை ரப்பர் பேண்டு போட்ட சின்னக் குடுமி. வாய் லேசாகத் திறந்து, எச்சில் ஒழுகி, அவள் ரவிக்கைத் தோள் நனைந்திருக்கும். அவள் பாட மாட்டாள், கதை சொல்ல மாட்டாள். கையை நீட்டிக்கொண்டு நடப்பாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் நானும் ஏதாவது கொடுப்பேன். பெரும்பாலும் பிஸ்கட் பொட்டலம்.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு வண்டியில் புது அறிவிப்பு வர ஆரம்பித்தது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ரயிலில் பிச்சை கொடுக்காதீர்கள். உங்கள் இரக்கம் ஒரு குழந்தையின் பிள்ளைப்பருவத்தைப் பறிக்கிறது. உதவ விரும்பினால் நிலையத்தில் உள்ள நன்கொடைப் பெட்டியில் போடுங்கள்.” பிளாட்பாரத்தில் சுவரொட்டியும் ஒட்டினார்கள். பெண்ணின் தோளில் தூங்கும் குழந்தை. மேலே பெரிய எழுத்தில், “இந்தக் குழந்தை ஏன் எப்போதும் தூங்குகிறது?” கீழே, மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, வாடகைக்கு எடுத்துப் பிச்சை எடுப்பவர்கள் உண்டு, சந்தேகம் வந்தால் அழையுங்கள் என்று ஒரு எண்.

உண்மையைச் சொன்னால், அந்த அறிவிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கொடுக்காமல் இருப்பதற்கு மரியாதையான ஒரு காரணம் கிடைத்தது. பிஸ்கட்டை நிறுத்தினேன். பெட்டியில் போட்டேன். பெட்டி யாரையும் பார்ப்பதில்லை, நாமும் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் குழந்தையைப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. நேற்று போன் செய்தேன். எடுத்த பெண் கேட்டாள், எவ்வளவு காலமாகப் பார்க்கிறீர்கள் என்று. பல மாதங்களாக என்றேன். எப்போது பார்த்தாலும் தூங்குகிறதா? எப்போது பார்த்தாலும் தூங்குகிறது என்றேன். உறுதியாகச் சொன்னேன். நான் எதையும் உறுதியாகச் சொல்கிறவன் அல்ல. பெயரைக் கேட்டாள், ரகசியமாக வைப்போம் என்றாள். ம. கலியபெருமாள் என்று முதலெழுத்தோடு சொன்னேன்.

மணிக்கூண்டில் இரண்டு பெண் போலீசும் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். தோளிலிருந்து குழந்தையை எடுத்தவுடன் அது விழித்துக்கொண்டு வீறிட்டது. அது விழித்து நான் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. நான் கூட்டத்தோடு மறுபக்கப் படியில் இறங்கிவிட்டேன்.

மருந்து கொடுத்த குழந்தை அவ்வளவு சட்டென்று விழிக்குமா? எனக்கு மருத்துவம் தெரியாது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மூன்றாவதும் நான்காவதும் நாளை.

ஆகஸ்ட் 6, புதன்

அவள் ஏறவில்லை. அடுத்த ஸ்டேஷன் வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அறிவிப்பு வந்தது. ஒரு கல்லூரிப் பையன் அதே குரலில், “கனிவான கவனத்திற்கு, என் இரக்கம் தீர்ந்துவிட்டது” என்று சொல்லித் தோழர்களைச் சிரிக்கவைத்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

வேதாவிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அவள் கேள்வி கேட்பாள். நல்ல காரியம் என்றால் ஏன் மறுபக்கப் படியில் இறங்கினீர்கள் என்பது அவளுடைய முதல் கேள்வியாக இருக்கும்.

சாயங்காலம் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. குழாயில் காற்று அடைத்திருந்தது. தண்ணீர் ஊற்றிச் சரி செய்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அவள் இல்லை. ரசத்தில் உப்பு இல்லை என்றேன். இருக்கிறது என்றாள் வேதா. இருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

இஸ்திரி வண்டி ஏகாம்பரம் துணியைக் கொடுக்கும்போது சொன்னார். காலையில் ஒருவன் வந்து, கண்ணாடி போட்டு, கட்டம் போட்ட சட்டையோடு மதிய வண்டியில் போகிற பெரியவர் வீடு எது என்று விசாரித்தானாம். ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தானாம்.

“நல்ல மாதிரியாத்தான் கேட்டான் சார். காட்டிட்டேன்” என்றார்.

நல்ல மாதிரியாகக் கேட்காமல் கத்தியைக் காட்டியா கேட்பான்? அவரிடம் அதைச் சொல்லவில்லை. துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு பார்த்தால் அது பக்கத்து வீட்டுத் துணி.

பெயர் ரகசியமாக இருக்கும் என்றார்கள். ஆனால் ரகசியம் எத்தனை மேஜைகளைத் தாண்டிப் போகும் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். வாடகைக்குக் குழந்தை என்றால் வாடகைக்கு விடுகிறவன் ஒருவன் இருக்க வேண்டும். அவனுக்கு ஆட்கள் இருக்க வேண்டும். சுவரொட்டியில் அப்படித்தான் இருக்கிறது. “கும்பல்கள்” என்று பன்மையில்.

கடைக்குப் போய்ப் பெரிய பூட்டாக ஒன்று வாங்கி வந்தேன். வேதா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். “என்னங்க, நம்ம வீட்டுல எனக்குத் தெரியாம பொக்கிஷம் ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்றாள். ஊரில் திருட்டு அதிகம் என்று சொன்னேன். எந்த ஊரில் என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வீட்டிலேயே இருந்தால் வேதா கேட்பாள் என்று கிளம்பினேன். கட்டம் போட்ட சட்டையைத் தவிர்த்து வெள்ளைச் சட்டை. வேறு பெட்டி. வாழ்நாளில் அந்த வண்டியில் நான் பெட்டி மாறியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அடுத்த ஸ்டேஷனில் அவன் ஏறினான். கால் சாய்த்து நடக்கிறவன். முப்பது வயது இருக்கும். கதவோரம் நின்று பெட்டி முழுவதும் பார்வையை ஓட்டி என்மேல் நிறுத்தினான். பிறகு எடுக்கவேயில்லை. ஒரு ஸ்டேஷன் முன்னதாகவே இறங்கினேன். அவனும் இறங்கினான்.

என்ன செய்வதென்று தெரியாமல் ரயில்வே போலீஸ் அறை வாசலில் போய் நின்றேன். அங்கே ஒட்டியிருந்த சுவரொட்டியைப் படிப்பதுபோல் நடித்தேன். தூங்கும் குழந்தையின் படம். அவன் தூரத்தில் தூண் அருகே நின்று என்னையும் போலீஸ் அறையையும் மாறி மாறிப் பார்த்தான். கிட்டே வரவில்லை. பிறகு போய்விட்டான்.

போலீஸைப் பார்த்து ஒதுங்குகிறவன் நல்லவனாக இருக்க முடியாது. இது ஓரளவு நிச்சயம்.

நூலகம் போகாமல் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முழங்கால் வலி என்று சொல்லிப் போகவில்லை. உள்ளறையில் படுத்திருந்தேன். முன்னறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பெண், “சார் இன்னைக்கு லைப்ரரிக்குப் போகலையா, அப்ப நாம சத்தமா பேசக்கூடாது” என்றாள். வேதா, “பேசுங்கடி, அவருக்கு முழங்காலுதான் வலி, காது இல்ல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒவ்வொரு முறை கேட் சத்தம் கேட்டபோதும் எழுந்து ஜன்னல் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். பால், கூரியர், மறுபடி ஒரு தையல்காரப் பெண். சாயங்காலம் வேதா காப்பியை வைத்துவிட்டு, முழங்கால் வலிக்காரர் இத்தனை தடவை எழுந்து பார்ப்பது நல்ல வைத்தியம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வந்துவிட்டார்கள்.

இன்றே எழுதிவிட வேண்டும்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வேதா உள்ளே வந்து, உங்களைத் தேடி ரெண்டு பேர் வந்திருக்கிறார்கள், அந்தப் பெண் அழுத முகமாக இருக்கிறாள், யார் அவள் என்றாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. உள்ளே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். வேதா கதவைத் தட்டி, வகுப்புப் பெண்கள் கேட்காத குரலில், “வெளிய வாங்க. இல்லன்னா அவங்கள உள்ள கூட்டிட்டு வந்து இங்கயே நிறுத்திடுவேன்” என்றாள்.

வந்தேன். அவர்கள் வாசலில் செருப்புகள் கிடக்கும் இடத்திலேயே நின்றிருந்தார்கள். குழந்தை இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. உயரம் குறைந்ததுபோல் இருந்தாள். கால் சாய்த்து நடப்பவன் எனக்குக் கும்பிடு போட்டான். அவள் தம்பியாம், பெயர் தணிகை. அவள் பெயர் தேசம்மா.

“சார், எங்கள அடையாளம் தெரியுதா? மத்தியான வண்டில ஏறுவேனே” என்றாள்.

தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன்.

எவனோ போன் போட்டுவிட்டான், பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். குழந்தை ஒரு இல்லத்தில் இருக்கிறதாம். பார்க்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்கவைத்தார்களாம். தடுப்பூசி அட்டை போன மழையில் குடிசைக்குள் தண்ணீர் வந்தபோது போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நகல் வர நாளாகும். வரும் புதன்கிழமை குழந்தைகள் நலக் குழு முன்னால் விசாரணை. கைக்குழந்தையிலிருந்தே இவளிடம்தான் இருந்தது என்று வெளியாள் யாராவது வந்து சொன்னால் நல்லது என்று அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். தணிகை என்னைத் தேடியது அதற்குத்தான். போலீஸ் அறைக்கு முன்னால் நின்றதால் கிட்டே வரப் பயந்தானாம்.

நான் ஏன் என்று கேட்டேன். பெட்டியில் எத்தனையோ பேர் போகிறார்களே.

“மத்தவங்கல்லாம் செல்போன பாப்பாங்க சார், இல்ல வெளிய பாப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் தினிக்கும் எங்க பாப்பாவ பாப்பீங்க. பிஸ்கட்டு கூட குடுத்துருக்கீங்க. அது எந்திரிச்சதும் குடுப்பேன், அதுக்கு நீங்க பிஸ்கட்டு தாத்தா.”

நான் குனிந்து வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்க்க ஆரம்பித்தேன்.

அவள் நிறுத்தவில்லை. எப்போது பார்த்தாலும் தூங்குகிறதாமே, என்ன மருந்து கொடுத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். “மருந்து எதுக்கு சார்? அது மத்தியானத் தூக்கம். காலைல மார்க்கெட்டுல நான் பூண்டு உரிக்கிறேன். அங்க வந்து பாருங்க, ஒரு எடத்துல நிக்காது. தராசு மேல ஏறி உக்காந்துக்கும். தின்னுட்டு வண்டில ஏறினா ஆட்டத்துல கண்ணு சொக்கிடும். சாயங்காலம் எங்க தெருவே அதுகிட்ட படாத பாடு படும்.”

சொல்லும்போது சிரிப்பு மாதிரி ஒன்று அவள் முகத்தில் வந்துவிட்டுப் போனது. தணிகை கீழே பார்த்தான்.

வேதா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னைக் கேட்காமல், “இவர் வருவாரும்மா. நான் கூட்டிட்டு வர்றேன்” என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குடியிருப்பில் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள், தொண்டை சரியில்லை என்றேன்.

கணக்கெடுப்புக்குப் போகும் புதுப் பையன்களுக்கு நான்தான் பயிற்சி வகுப்பு எடுப்பேன். ஒரு தெருவுக்கு ஒரே நேரத்தில் போகாதே என்று சொல்வேன். மதியத்தில் மட்டும் போனால் ஊரே வேலை வெட்டி இல்லாமல் தூங்குகிறது என்று கணக்கு வரும் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். வருடா வருடம் அதே உதாரணம், அதே சிரிப்பு.

அந்தக் குழந்தையை நான் மதியத்தில் மட்டும்தான் பார்த்தேன். ஒரு நாள்கூடக் காலை வண்டியில் ஏறியதில்லை. போனில் “எப்போது பார்த்தாலும்” என்றேன். நான் பார்த்தது ஒரே ஒரு பொழுது.

பட்டியலில் இரண்டாவதாக, எப்போதும் தூங்கியது என்று எழுதியதை மேலே போய் அடித்தேன். அடித்தது அசிங்கமாக இருந்தது. மறுபடி அதே வரியை எழுதி வைத்தேன், நான் என்ன சொன்னேன் என்று தெரியட்டும் என்று.

புதன்கிழமை என்ன சொல்வது? கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து இவளிடம் பார்த்திருக்கிறேன் என்று சொல்லலாம். அது உண்மை. போன் செய்தது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. பெயர் ரகசியம். உண்மையில் ஒரு பாதியைச் சொன்னால் அது பொய் ஆகாது என்று மதியம் வரை எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குப் பிறகு வாதம் நின்றது. ஜெயித்ததாகவும் தெரியவில்லை, தோற்றதாகவும் தெரியவில்லை. தணிகையின் கையை நினைத்துக்கொண்டிருந்தேன். கனமான கை. மூட்டை தூக்குகிறவனுடைய கை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வேதாவிடம் சொல்லிவிட்டேன்.

ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்த பிறகும் இரண்டு கொக்கி தைத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு, “குழந்தைய அவ தோள்லேருந்து எடுக்கும்போது நீங்க எங்க நின்னீங்க?” என்றாள்.

மறுபக்கப் படி என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போய் எதையோ கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவது சத்தத்தில் தெரிந்தது. திரும்பி வந்து, அறிவிப்பில் சொன்னதைத்தானே செய்தீர்கள் என்று எனக்காக ஒரு நியாயமும் சொன்னாள். பிறகு அவளே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அறிவிப்பு பத்து லட்சம் பேருக்குப் பொதுவாகச் சொல்கிறது, அந்தக் குழந்தையைப் பார்த்தவர் நீங்கள்தானே என்றாள்.

அவர்கள் என்னை அடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நான் கூட வர்றேன். உங்களுக்காக இல்ல” என்றாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாளை விசாரணை. ரத்த அழுத்த மாத்திரை போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

குழுவின் அறை சின்னது. நீளமான மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் அதே சுவரொட்டி. தலைவி நரைத்த தலை, களைத்த குரல். தேசம்மா சுத்தமான புடவை கட்டி வந்திருந்தாள். மடிப்பு கலையாத புடவை, யாரிடமோ கேட்டு வாங்கியது என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் தணிகை எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

என்னைக் கேட்டார்கள். பெயர், வயது, வேலை. இந்தப் பெண்ணிடம் இந்தக் குழந்தையை எப்போதிலிருந்து பார்க்கிறீர்கள்? தலை நிற்காத குழந்தையாக இருந்ததிலிருந்து என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். தேசம்மா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அத்தோடு எழுந்துவிடலாம்போல் இருந்தது. பாதி எழுந்தும்விட்டேன்.

தலைவி ஒரு காகிதத்தைப் புரட்டினார். குழந்தை வந்த அன்று நடந்த பரிசோதனையில் மருந்து எதுவும் தெரியவில்லை, ஆனால் ஒரு நாள் சோதனை பல மாதங்களுக்குப் பதில் ஆகாது என்றார். “புகார் சொன்னவரும் தினம் அந்த வண்டில போறவர்தான். பல மாசமா, எப்பப் பாத்தாலும் தூங்குதுன்னு உறுதியா சொல்லியிருக்கார். அவரும் படிச்சவர் மாதிரிதான் பேசியிருக்கார். நான் யாரை நம்பறது, சொல்லுங்க?”

அவர் என்னைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த உறுப்பினரைக் கேட்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

வேதா என் பக்கம் திரும்பவேயில்லை. மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அதைச் சொன்னவனும் நான்தான்” என்றேன்.

குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று நினைக்கவில்லை. அவர் சரியாகக் கேட்கவில்லை என்றார். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டம்.

பிறகு மற்றதையும் சொன்னேன். நான் அந்த வண்டியைத் தவிர வேறு வண்டியில் போவதில்லை. அது குழந்தைகள் தூங்கும் நேரம். நான் எப்போதும் என்று சொன்னது தவறு, மதியத்தில் என்று சொல்லியிருக்க வேண்டும். காலையிலோ சாயங்காலமோ அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன். தலைவி பேனாவைக் கீழே வைத்தார். என்ன துறையில் இருந்தீர்கள் என்று மறுபடி கேட்டார். புள்ளியியல் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

தணிகை என்னைப் பார்த்து, “சார், நீங்களா?” என்றான். மெதுவாகத்தான் கேட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் எனக்குப் போட்ட நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

தேசம்மா என்னைப் பார்க்கவில்லை. குழந்தை வழக்கமாகக் கிடக்கும் தோளின்மேல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். இரண்டு அடி நகர்ந்து வேதாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முடிவு இது. அதிகாரி ஒருவர் வீட்டைப் போய்ப் பார்ப்பார். ஆஸ்பத்திரி நகல் வந்தவுடன் குழந்தையைக் கொடுப்பார்கள். மதியம் வரை அங்கன்வாடியில் விட வேண்டும். குழந்தையோடு பிச்சை எடுப்பதைப் பார்த்தால் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். தேசம்மா ஒவ்வொன்றுக்கும் சரிங்கம்மா, சரிங்கம்மா என்றாள். என்னிடம் தலைவி, போன் செய்தது தவறில்லை, இனி பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார். நன்றி என்றேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வேதா எனக்கு ஜன்னலோரம் விட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

யாரும் வரவில்லை. பூட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குழந்தையைக் கொடுத்துவிட்டார்களாம். தணிகை இந்தப் பக்கம் மூட்டை இறக்க வந்தபோது ஏகாம்பரத்திடம் சொல்லியிருக்கிறான். என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று விசாரித்தேன். கேட்கவில்லை, உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அந்த ஓரமாகவே நடந்து போனான் என்றார் ஏகாம்பரம்.

சொன்னதும் வேதா அரிசியும் வெல்லமும் எடுத்துப் பாயசம் வைத்தாள். வகுப்புப் பெண்களுக்கும் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஒரு குழந்தை வீட்டுக்கு வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள். எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். நான் அவளிடம் உண்மையைச் சொன்ன அந்த ஞாயிறுக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் வழக்கம்போல் பேசினாள்.

நிம்மதியாக இருந்தது. எல்லாம் முடிந்தது என்று எழுதலாம். திங்கள் முதல் நூலகம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேற்று எதுவும் இல்லை. இன்று நான் ஏறும்போதே அவள் வண்டியில் இருந்தாள்.

கை நீட்டிக்கொண்டு நடக்கவில்லை. எனக்கு எதிர்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவுப் பொட்டலமும் வைத்த பை. நான் வந்து உட்கார்ந்ததை அவள் முதலில் பார்க்கவில்லை. குழந்தைக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. தலை பின்னால் சாய்வதும் திடுக்கென்று நிமிர்வதுமாக, வண்டியின் ஆட்டத்தில் கண் சொக்கிக்கொண்டிருந்தது. பச்சை ரப்பர் பேண்டு இல்லை. இல்லத்தில் தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். அறிவிப்பு வந்தது. கனிவான கவனத்திற்கு. யாரும் கவனிக்கவில்லை.

நான் சிரிக்கலாமா, வேண்டாமா என்று யோசித்தேன். பையில் பிஸ்கட் இருந்தது. காலையில் வாங்கியது. எதற்கு வாங்கினேன் என்று வேதாவிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். முகம் ஒரேயடியாக மாறிவிட்டது. உடனே குனிந்து குழந்தையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“சஞ்சு. சஞ்சு, தூங்காத. கண்ணத் தொற. தாத்தா பாக்குறாரு.”

குழந்தை கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடியது. கன்னத்தைத் தட்டினாள். பாட்டிலிலிருந்து தண்ணீரைக் கையில் விட்டு முகத்தைத் துடைத்தாள். நிற்கவைத்தாள். கால் துவண்டு மடிந்தது. தூக்கி நிறுத்தினாள். தூக்கம் கலைந்த குழந்தை அழ ஆரம்பித்தது. பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவள் அழுகையை நிறுத்த முயலவில்லை. அது அழுதுகொண்டிருந்தால் போதும் என்பதுபோல் என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையால் இடுப்பிலிருந்து டிக்கெட்டை எடுத்து எனக்குத் தெரிகிற மாதிரி நீட்டினாள்.

“டிக்கெட்டு எடுத்துருக்கேன் சார். அங்கன்வாடிலேருந்து தம்பி வூட்டுக்குப் போறோம். கை நீட்டல சார். நல்லா முழிச்சுனுதான் இருக்கு, பாருங்க.”

தூங்கட்டும் என்று சொல்ல எழுந்தேன். நான் எழுந்ததைப் பார்த்து அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிஸ்கட்டை எடுக்கப் பைக்குள் போன கையை வெளியே எடுத்துவிட்டேன். அந்தக் கை போனை எடுக்கப் போகிறது என்று அவள் நினைத்திருக்கலாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன்.

வண்டி கிளம்பும்வரை ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை குழந்தையின் முதுகில். தூங்கவைக்கத் தட்டுவதுபோல் இருந்தது, ஆனால் அழுத்தமாக, விட்டுவிட்டு, அது தூங்கிவிடாதபடி.

பயப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான் என்று அன்று ஐந்தாவதாக எழுதியது தவறு.